பூஞ்சை உயிரியலை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி இதுதான்: “உயிரியல் இளங்கலையில் இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. அடுத்த ஆண்டுக்குப் பூஞ்சை உயிரியலை விருப்பப் பாடமாக எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். முன்பு எடுத்தவர்கள், அது வாயில் நுழையாத பெயர்களும் வாழ்க்கைச் சுழற்சிப் படங்களும்தான், மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார்கள். அதில் உண்மையில் என்ன இருக்கிறது? எப்படிப் படித்தால் பிடிபடும்?”

எடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் பாடத்திட்டம் வைத்திருக்கும் வரிசையில் படிக்காதீர்கள். பல இடங்களில் இந்தப் பாடம், பூஞ்சைகளைத் தாவரவியலின் ஒரு மூலையில் வைத்திருந்த காலத்து வரிசையில்தான் இன்னும் நடக்கிறது. ஒரு பிரிவு, அதன் பண்புகள், ஓர் எடுத்துக்காட்டு, அதன் வாழ்க்கைச் சுழற்சி. அடுத்த பிரிவுக்கும் மறுபடி அதே. இப்படிப் போனால் பருவம் முடியும்போது ஏராளமான பெயர்கள் தெரிந்திருக்கும், பூஞ்சை என்ற உயிர் எப்படிப் பிழைக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்காது. இழையின் நுனியிலிருந்து தொடங்குங்கள். அது எப்படி வளர்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது என்பது விளங்கிவிட்டால் மற்ற அத்தியாயங்களில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

ஹைஃபா எனப்படும் பூஞ்சை இழை ஒரு நுண்ணிய குழாய். பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர் தடிமன் இருக்கும். நீளம் கூடுவது அதன் நுனியில் மட்டும்தான். பின்பகுதியில் உருவாகும் சின்னஞ்சிறு பைகள் நுண்குழல்களையும் ஆக்டின் இழைகளையும் பாதையாகக் கொண்டு நுனிக்கு வந்து சேர்கின்றன. அவை அங்கே திரண்டு நிற்கும் இடத்துக்கு ஸ்பிட்சன்கார்ப்பர் என்று பெயர். 1920களிலேயே ஒளி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். பைகள் செல் சவ்வோடு இணையும்போது சவ்வு நீள்கிறது, சுவர் கட்டும் நொதிகள் தங்கள் இடத்துக்கு வருகின்றன, கூடவே செரிமான நொதிகளும் வெளியே கொட்டப்படுகின்றன. நுனியில் சுவர் இளக்கமாக இருக்கும். பின்னால் போகப் போகச் சுவரின் மூலப்பொருள்களான கைட்டினும் குளூக்கனும் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும். உள்ளே இருக்கும் விறைப்பழுத்தம் எல்லாத் திசையிலும் தள்ளினாலும் இளகிக்கொடுப்பது நுனி மட்டும் என்பதால் இழை முன்னால் போகிறது. நியூரோஸ்போரா கிராஸா போன்ற வேகமான பூஞ்சைகளில் இந்த நுனி மணிக்குச் சில மில்லிமீட்டர் நகரும்.

இதை அவசரமில்லாமல் படியுங்கள். விலங்கு உணவை உள்ளே எடுத்துக்கொண்டு செரிக்கிறது. பூஞ்சைக்குச் சுவர் இருப்பதால் எதையும் விழுங்க முடியாது. அது உணவுக்குள்ளேயே நுழைந்து, வெளியே நொதிகளைக் கொட்டி, கரைந்து வருவதை உறிஞ்சுகிறது. இதிலிருந்து எத்தனை விஷயங்கள் கிளம்புகின்றன என்று பாருங்கள். வெளியே கரைத்த சர்க்கரையைப் பக்கத்தில் இருக்கும் பாக்டீரியா எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆகவே அண்டை நுண்ணுயிர்களை ஒடுக்கும் வேதிப்பொருள்களைப் பல பூஞ்சைகள் தயாரிப்பதில் வியப்பில்லை. 1928இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் கவனித்த பெனிசிலின் அப்படி ஒன்று. ஒரு பூஞ்சையால் மரத்தில் வாழ முடியுமா, தோலில் வாழ முடியுமா என்பதைத் தீர்மானிப்பதில் அது எந்த நொதிகளை வெளியே அனுப்புகிறது என்பதற்குப் பெரும் பங்கு உண்டு. இருக்கும் உணவு தீர்ந்தால் எழுந்து நடக்க முடியாது. ஒன்று வளர்ந்தே நகர வேண்டும், இல்லாவிட்டால் வித்துகளை, அதாவது ஸ்போர்களை, காற்றில் அனுப்ப வேண்டும். பாடத்தில் வரும் அத்தனை வித்து வகைகளுக்கும் காரணம் இந்த நெருக்கடிதான். தொழிற்சாலையில் சிட்ரிக் அமிலத்துக்காக ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரை வளர்ப்பவர்களும், நொதிகளுக்காக மற்ற பூஞ்சைகளை வளர்ப்பவர்களும் பயன்படுத்திக்கொள்வது இதே வெளியேற்றும் பழக்கத்தைத்தான்.

அழுத்தம் என்று சொன்னேன். அதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் நெல்லில் குலை நோய் உண்டாக்கும் மேக்னபோர்தே ஒரைசேயைப் படியுங்கள். இலைமேல் விழுந்த வித்து முளைத்து, நுனியில் குவிமாடம் மாதிரி ஒரு செல்லை உருவாக்கும். அதன் சுவரில் மெலனின் படலம் ஒன்று படியும். உள்ளே கிளிசரால் சேரச் சேரத் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு, அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறுகிறது. கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போல 30 மடங்குக்கும் மேல். அந்த விசையில் ஒரு மெல்லிய முளை இலையின் மேல்தோலைத் துளைத்து உள்ளே போகிறது. மெலனின் தயாரிக்க முடியாத திரிபு வகைகளால் இலையைத் துளைக்க முடிவதில்லை, நோயும் வருவதில்லை. மெலனின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகள் வயலில் குலை நோய்க்கு எதிராகப் பயன்படுவதும் இதனால்தான். இயற்பியல், உயிர்வேதியியல், மரபியல், பயிர் நோயியல் நான்கும் ஒரே செல்லில் சந்திக்கும் இப்படி ஓர் எடுத்துக்காட்டு இளங்கலைப் பாடத்தில் எளிதில் கிடைக்காது.

அடுத்துக் குறுக்குச் சுவர்கள். செல் என்றால் நான்கு பக்கமும் மூடிய ஓர் அறை என்று பள்ளியிலிருந்தே படித்து வந்திருக்கிறோம். பூஞ்சையில் அந்த எண்ணம் ஆட்டம் காணும். பெரும்பாலான பூஞ்சைகளின் குறுக்குச் சுவர்களில் துளை உண்டு. அதன் வழியாகச் சைட்டோபிளாசம் ஓடும், சிலவற்றில் உட்கருவே கடந்து போகும். வித்துகளைச் சிறு பைகளுக்குள் உருவாக்கும் ஆஸ்கோமைசீட்களில் இழை எங்காவது அறுந்தால், துளைக்குப் பக்கத்தில் காத்திருக்கும் வொரோனின் உறுப்பு சட்டென்று வந்து அடைத்துவிடும். ரொட்டியில் வளரும் ரைசோபஸ் போன்றவற்றிலோ பெரும்பாலும் குறுக்குச் சுவரே கிடையாது. சரி, அப்படியென்றால் ஓர் உயிரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? 1992இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு காட்டின் தரைக்குள் பரவியிருந்த ஆர்மில்லேரியா பூஞ்சை மரபணு அளவில் ஒரே உயிரி என்று காட்டினார்கள். அப்போது 15 ஹெக்டேர் என்று கணித்தார்கள். 2018இல் மறுபடி அளந்து 37 ஹெக்டேர், வயது ஏறக்குறைய 2500 ஆண்டுகள் என்று திருத்தினார்கள். ஓரிகானில் இருக்கும் இன்னொன்று அதைவிடப் பல மடங்கு பெரியது. தனி உயிரி என்பதை எப்படி வரையறுப்பது என்று தேர்வில் கேட்கிறார்களோ இல்லையோ, நீங்கள் யோசித்துவிடுங்கள்.

இப்போதுதான் உறவுமுறைக்கு வர வேண்டும். 1969இல் ராபர்ட் விட்டேக்கர் ஐந்து உலக வகைப்பாட்டில் பூஞ்சைகளுக்குத் தனி இடம் கொடுத்தார். 1990களில் புரத வரிசைகளையும் ரைபோசோம் மரபணு வரிசைகளையும் ஒப்பிட்டபோது, பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்பது உறுதியானது. சேமிப்புப் பொருள் கிளைக்கோஜன்; சுவரில் இருக்கும் கைட்டின் பூச்சிகளின் ஓட்டிலும் உண்டு; கைட்ரிட் என்ற பூஞ்சை வகையின் வித்துகள் பின்பக்கம் இருக்கும் ஒற்றைக் கசையிழையால் நீந்துவது விலங்குகளின் விந்தணுவை நினைவூட்டும். இதைச் சுவாரசியமான தகவல் என்று கடந்துவிடாதீர்கள். பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பாக்டீரியாவுக்கும் நமக்கும் வேறுபாடு அதிகம், தாக்குவதற்கு இடமும் அதிகம். பூஞ்சை நம்மைப் போலவே உட்கரு உள்ள செல், நம்மோடு பல புரதங்களைப் பகிர்ந்துகொண்ட உறவுக்காரன். நம்மிடம் இல்லாததாகப் பார்த்து அடிக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்த இலக்குகள் மிகக் குறைவு. நம் செல் சவ்வில் கொலஸ்டிரால், பூஞ்சைகளின் சவ்வில் எர்கோஸ்டிரால். ஆம்ஃபோடெரிசின் பி எர்கோஸ்டிராலோடு சேர்ந்து சவ்வைக் கெடுக்கிறது. ஆனால் கொலஸ்டிராலையும் ஓரளவு தொடும் என்பதால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அசோல் வகை மருந்துகள் எர்கோஸ்டிரால் தயாரிக்கும் ஒரு நொதியை அடக்குகின்றன. எக்கினோகேண்டின்கள் குளூக்கன் கட்டும் நொதியை நிறுத்துகின்றன, அதாவது இழையின் நுனியில் சுவர் எழும்பவிடாமல் செய்கின்றன. இந்த மூன்றும்தான் கடுமையான உட்தொற்றுகளுக்கு முக்கிய ஆயுதங்கள். அசோல்களைப் பயிர்களுக்கும் தெளிப்பதால், ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் மண்ணிலேயே எதிர்ப்புத் திறன் பெற்று, அந்த மருந்தை ஒருநாளும் உட்கொள்ளாத நோயாளியின் நுரையீரலிலும் வந்து நிற்கிறது. 2009இல்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் இன்று உலகெங்கும் மருத்துவமனைகளைக் கலங்கடிக்கிறது. அதன் சில வகைகளை மூன்று வகை மருந்துகளாலும் அடக்க முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் 19 பூஞ்சைகளை முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பூஞ்சை படித்தவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பாடத்தில் பூஞ்சை அல்லாத சிலவும் வரும். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்த பைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் பார்ப்பதற்கு இழை இழையாகப் பூஞ்சை போலவே இருக்கும். அது ஊமைசீட். சுவரில் செல்லுலோஸ், உறவு பழுப்புப் பாசிகளோடு. அது எர்கோஸ்டிரால் தயாரிப்பதே இல்லை, ஆகவே அசோல் தெளித்துப் பயனில்லை. உறவுமுறையைத் தெரிந்துகொள்ளாமல் மருந்தடித்தால் விவசாயியின் பணம் வீண் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. சளிப்பூஞ்சைகள் என்று சொல்லப்படுபவையும் பூஞ்சைகள் அல்ல, அமீபா வகையறா.

வாழ்க்கைச் சுழற்சிகள்தான் பெரும்பாலோரை விரட்டுகின்றன. படங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்றே நிகழ்வுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இரண்டு இழைகளின் சைட்டோபிளாசம் கலப்பது, உட்கருக்கள் இணைவது, குன்றல் பகுப்பு. இவை மூன்றும் எந்த வரிசையில் என்பது மாறுவதில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு காலம் ஓடுகிறது, அந்தக் காலத்தில் உயிரி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் மாறும். காளான் வகைகளில் சைட்டோபிளாசம் கலந்த பிறகு இரு உட்கருக்களும் இணையாமல் ஜோடியாகவே பல ஆண்டுகள்கூட மண்ணுக்குள் வாழும். இணைவது குடையின் அடியில், அதுவும் குன்றல் பகுப்புக்குச் சற்று முன்புதான். ஆஸ்கோமைசீட்களில் அந்த ஜோடி வாழ்க்கை மிகக் குறுகியது. ஈஸ்ட்டில் இணைந்த இருமய நிலையே நீண்ட காலம் மொட்டுவிட்டுப் பெருகும். ஒரு கோடு போட்டு அதில் இந்த மூன்று புள்ளிகளையும் வைத்து, இடைவெளியை மட்டும் மாற்றி வரைந்து பாருங்கள். புத்தகத்தில் இருக்கும் எந்தச் சுழற்சியையும் அந்தக் கோட்டில் நீங்களே வரைந்துவிடுவீர்கள்.

இதில் நியூரோஸ்போராவுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்கலாம். வித்துகள் உருவாகும் அதன் ஆஸ்கஸ் பை மிகவும் ஒடுக்கமானது. குன்றல் பகுப்பில் உருவாகும் உட்கருக்கள் ஒன்றையொன்று தாண்ட முடியாமல் அப்படியே வரிசையில் நிற்கும். பிறகு ஒருமுறை சாதாரணப் பகுப்பு நடந்து எட்டு வித்துகள். கறுப்பு வித்து, வெள்ளை வித்து இரண்டையும் தரும் கலப்பு செய்தால், நான்கு கறுப்பு, நான்கு வெள்ளை என்று வந்த பைகளில் அந்த மரபணுவுக்கும் குரோமோசோமின் இணைப்புப் புள்ளியான சென்ட்ரோமியருக்கும் நடுவே குறுக்கேற்றம் (குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடக்கவில்லை. இரண்டிரண்டாக மாறி மாறி வந்தவற்றில் நடந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தே மரபணு சென்ட்ரோமியரிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். குன்றல் பகுப்பைக் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான். ஜார்ஜ் பீடிலும் எட்வர்ட் டேட்டமும் 1941இல், ஒவ்வொரு மரபணுவும் ஒரு நொதியோடு தொடர்புடையது என்று காட்டியதும் இந்தப் பூஞ்சையில்தான். 1958இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1996இல் உட்கரு உள்ள உயிரிகளிலேயே முதன்முதலாக முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டதும் ஒரு பூஞ்சைக்கே, நாம் ரொட்டிக்குப் பயன்படுத்தும் ஈஸ்ட்டுக்கு. செல் சுழற்சிக்காக 2001இலும், செல் தன் பாகங்களையே செரித்துக்கொள்ளும் தன்னுண்ணல் பற்றிய ஆய்வுக்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016இலும் கிடைத்த நோபல் பரிசுகளின் அடித்தளத்திலும் ஈஸ்ட் இருக்கிறது. செல் உயிரியல் வகுப்பில் நீங்கள் ஏற்கெனவே பூஞ்சை படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அந்தப் பெயரில் இல்லை, அவ்வளவுதான்.

காளான்கள் வித்தை எப்படி எறிகின்றன என்பதையும் விட்டுவிடாதீர்கள். வித்தின் அடியில் ஒரு சிறு நீர்த்துளி காற்றின் ஈரத்திலிருந்து திரளும். வித்தின் பக்கவாட்டில் இன்னொரு நீர்ப்படலம். இரண்டும் தொட்டவுடன் ஒன்றாகிவிடும். பரப்பு இழுவிசையிலிருந்து விடுபடும் ஆற்றல் வித்தைத் தூக்கி வீசும். இந்தத் துளிக்கு, அதை நுணுக்கமாக ஆராய்ந்த ரெஜினால்ட் புல்லரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வித்து போகும் தூரம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குமேல் போனால் எதிரே இருக்கும் செவுளில், அதாவது குடையின் அடியில் இருக்கும் தகட்டில், ஒட்டிக்கொள்ளும். போதிய தூரம் மட்டும் போய், நின்று, செங்குத்தாகக் கீழே விழுந்து காற்றில் கலக்கிறது. குடையின் செவுள்கள் ஏன் அந்த இடைவெளியில், ஏன் தரைக்குச் செங்குத்தாக இருக்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பயப்படுத்துவது அவைதானே. பழைய நூல்களில் டியூட்டரோமைசீட்ஸ் என்றொரு பிரிவு இருக்கும். பாலினப் பெருக்கம் தெரியாத பூஞ்சைகளை எல்லாம் போட்டுவைத்த இடம் அது. ஒரே பூஞ்சைக்குப் பாலின நிலையில் ஒரு பெயரும் பாலிலா நிலையில் இன்னொரு பெயரும் இருந்தன. 2011இல் மெல்போர்ன் மாநாட்டில் இந்த இரட்டைப் பெயர் முறையை நிறுத்த முடிவு செய்து, 2013 ஜனவரி முதல் ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்றாக்கினார்கள். பாலினப் பெருக்கமே இல்லை என்று நீண்ட காலம் நினைத்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸிலும் 2009இல் பாலினச் சுழற்சியைக் கண்டுபிடித்தார்கள். ஸைகோமைக்கோட்டா என்ற பிரிவும் கலைந்து, இப்போது மியூக்கரோமைக்கோட்டா, ஸூபேகோமைக்கோட்டா என்று இரண்டாகிவிட்டது. ஆகவே கையில் இருக்கும் நூல் எந்த ஆண்டுப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். ஆஸ்கோமைக்கோட்டா, காளான்கள் அடங்கும் பெசிடியோமைக்கோட்டா, இப்போது சொன்ன இரண்டு, கைட்ரிட்கள், இவற்றின் முகம் தெரிந்தால் தொடங்குவதற்குப் போதும். பெயரிடப்பட்டவை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் சிற்றினங்கள். மொத்தம் 22 முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. பெரும்பகுதிக்குப் பெயரே இல்லாதபோது பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆய்வகத்துக்கு வருவோம். இதற்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பங்கு போக வேண்டும். உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார், மால்ட் அகார் இரண்டையும் உங்கள் கையாலேயே தயாரிக்கப் பழகுங்கள். மண்ணிலிருந்து பூஞ்சையைப் பிரிக்கும்போது பாக்டீரியா முந்திக்கொள்ளும், அதனால் ஊடகத்தில் குளோரம்ஃபெனிகால் போன்ற ஆன்டிபயாட்டிக் சேர்ப்பார்கள். வளர்ந்ததை ஒற்றை வித்திலிருந்தோ இழை நுனியிலிருந்தோ மறுபடி எடுத்துத் தூய வளர்ப்பாக்குவது பொறுமை கேட்கும் வேலை; ஆனால் அதைச் செய்யாமல் எடுத்த எந்த அளவீட்டையும் நம்ப முடியாது. ஊசியால் கிள்ளி எடுத்தால் வித்துச் சங்கிலிகள் உடைந்துவிடும். தெளிவான செலோ டேப்பை மெல்ல ஒற்றி, லேக்டோஃபீனால் காட்டன் புளூ சாயத்தில் வைத்துப் பாருங்கள்; ஆஸ்பர்ஜில்லஸின் தலை அப்படியே கிடைக்கும். இன்னும் நல்ல படம் வேண்டுமானால் கண்ணாடித் தகட்டிலேயே வளர்க்கும் முறை இருக்கிறது. பார்த்ததைக் கையால் வரையுங்கள். கைபேசியில் படம் எடுப்பது பதிவுக்கு உதவும், ஆனால் வரைந்தால்தான் குறுக்குச் சுவர் எங்கே, கிளை எங்கே பிரிகிறது என்று கண் தேடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வளர்ப்புத் தட்டை எடுத்து மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மோப்பம் பிடிக்காதீர்கள். தெரியாத மண் மாதிரியிலிருந்து வந்தது எதுவாகவும் இருக்கலாம். தட்டின் ஓரத்தை ஒட்டிவையுங்கள், திறப்பதானால் பாதுகாப்புப் பெட்டிக்குள் திறங்கள். வெளியே வித்து அச்சு எடுக்க, சிற்றினம் அறியக் காளான் பறிக்கலாம். ஆனால் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடும் எண்ணம் வேண்டவே வேண்டாம். அமானிட்டா ஃபல்லாய்டிஸ் காளானின் அமாட்டாக்சின், மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ படியெடுக்கும் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் இரண்டை முடக்குகிறது. அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகும். அதற்குள் கல்லீரல் அழியத் தொடங்கியிருக்கும். நடுவில் ஒரு கட்டத்தில் தேறிவிட்டது போலத் தோன்றி ஏமாற்றும்.

டி.என்.ஏ வழியாக அடையாளம் காண்பதும் இப்போது பல பாடத்திட்டங்களிலும் வந்துவிட்டது. ரைபோசோம் மரபணுக்களுக்கு நடுவே இருக்கும் ஐ.டி.எஸ் பகுதியைப் பி.சி.ஆர் செய்து வரிசை அறிந்து, தரவுத்தளத்தில் ஒப்பிடுவார்கள். 2012இல் அதையே பூஞ்சைகளின் பொது அடையாளப் பகுதியாக முன்மொழிந்தார்கள். நல்ல முறைதான், ஆனால் தேடலில் முதலில் வரும் பெயரை எழுதிக்கொண்டு எழுந்துவிடும் பழக்கம் மாணவர்களிடம் அதிகம். தரவுத்தளத்தில் தவறான பெயரோடு போட்டவையும் இருக்கின்றன. ஆஸ்பர்ஜில்லஸ், ஃப்யூசேரியம் மாதிரிப் பேரினங்களில் நெருங்கிய சிற்றினங்களின் ஐ.டி.எஸ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அங்கே கால்மாடுலினோ, பீட்டா டியூபுலினோ, நீட்சிக் காரணி மரபணுவோ வேண்டும். பூஞ்சைப் பெயர்களுக்கான பதிவேடுகளிலும், ஐ.டி.எஸ்ஸுக்கென்றே சரிபார்த்துவைத்த யுனைட் தரவுத்தளத்திலும் பாருங்கள். கூடவே நுண்ணோக்கியில் பார்த்ததோடு பெயர் ஒத்துப்போகிறதா என்றும் கேளுங்கள். இரண்டும் முரண்பட்டால் அங்கேயே நின்று காரணம் தேடுவதுதான் உண்மையான அடையாளம் காணல்.

வளர்ப்புகளை எங்கே வைப்பது என்பதும் இந்தத் துறையில் பெரிய விஷயம். நெதர்லாந்தின் உட்ரெக்டில் இருக்கும் பூஞ்சை வளர்ப்பு நிலையத்தின் கதையைத் தேடிப் படியுங்கள். 1904இல் தொடங்கியது. 1907இல் பொறுப்பேற்ற யோஹானா வெஸ்டர்டைக் அதை உலகின் மிகப்பெரிய தொகுப்புகளில் ஒன்றாக வளர்த்தார். 1917இல் அந்த நாட்டின் முதல் பெண் பேராசிரியரும் ஆனார். இன்று அந்த நிலையம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. உயிருள்ள வளர்ப்பைப் பாதுகாத்து வைக்காத ஆய்வை இன்னொருவர் சரிபார்க்க முடியாது.

சூழலியலில் வேர்ப்பூஞ்சைகள்தான் மிகவும் செழிப்பான பகுதி. மைகோரைசா என்ற பெயரை 1885இல் ஆல்பர்ட் ஃப்ராங்க் சூட்டினார். தரைத் தாவரங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கூட்டில் இருக்கின்றன: தாவரம் சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கும், பூஞ்சை பாஸ்பரஸ் கொண்டுவரும். ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவரங்களின் திசுவுக்குள்ளேயே இந்தப் பூஞ்சையின் கிளைத்த அமைப்புகள் பதிந்திருக்கின்றன. அந்தத் தாவரங்களுக்கு அப்போது உண்மையான வேரே கிடையாது.

இதில் ஒரு சர்ச்சை இருக்கிறது, அதைக் கட்டாயம் படியுங்கள். மரங்கள் பூஞ்சை வலை வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய் மரம் பிள்ளைக்கு உணவு அனுப்புகிறது என்று பொதுவெளியில் நிறையப் பேச்சு உண்டு. 1997இல் கனடாவில் சுசான் சிமார்டும் உடன் ஆய்வாளர்களும் பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபருக்கும் கார்பன் ஐசோடோப்புகளைக் கொடுத்து, காட்டிலேயே ஒன்றிலிருந்து மற்றதற்குக் கார்பன் போவதைக் காட்டினார்கள். அது கவனமான ஆய்வு. ஆனால் கார்பன் பூஞ்சை இழை வழியாகத்தான் போனதா, மண்ணில் கசிந்து போனதா? போனது பெறும் மரத்தின் வளர்ச்சிக்கு உதவும் அளவா? 2023இல் வந்த ஒரு மீளாய்வு, காட்டில் நடந்த ஆய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பரவலாகச் சொல்லப்படும் கூற்றுகளுக்குச் சான்று போதவில்லை என்றது. ஆய்வுக் கட்டுரைகளே முந்தைய முடிவுகளைப் பெரிதாக்கி மேற்கோள் காட்டியதையும் சுட்டியது. என் மதிப்பில் அந்த விமர்சனம் நியாயமானது. வேர்ப்பூஞ்சைக் கூட்டு உண்மை, அதன் முக்கியத்துவமும் உண்மை. மரங்கள் திட்டமிட்டு உதவுகின்றன என்பதற்கு அது சான்று ஆகாது. 1997 கட்டுரையையும் 2023 மீளாய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு முடிவுக்கும் எந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். ஆய்வுக் கட்டுரை படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது.

நீர்நில வாழ்விகளைக் கொல்லும் கைட்ரிட், மரத்தின் லிக்னினைச் சிதைக்கும் வெண்ணழுகல் பூஞ்சைகள், லைக்கன்கள் எல்லாம் தனித்தனியாக ஒரு பதில் கேட்பவை. ஆர்வம் எங்கே போகிறதோ அங்கே போங்கள். கூடவே புள்ளியியலும், தரவைக் கையாளும் அளவுக்கு நிரலாக்கமும் கற்றுக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் முதுகலைக்குப் பிறகு அவை இல்லாமல் நகர முடியாது.

வகுப்பு தொடங்கும் முன்பே ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்றால், வளர்ச்சியை அளக்கும் ஒரு சின்னச் சோதனையைப் பரிந்துரைக்கிறேன். ஒரே தூய வளர்ப்பை, சத்து நிறைந்த அகாரிலும் அதைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்த அகாரிலும் நடுவில் வையுங்கள். அகாரின் மேல் முன்கூட்டியே நுண்ணுயிர் நீக்கிய செலோஃபேன் தாள் ஒன்றைப் பரப்பிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் வளர்ச்சியின் விட்டத்தை இரண்டு திசையில் அளங்கள். பல பூஞ்சைகளில் இரண்டு தட்டிலும் விட்டம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கூடும். அதைப் பார்த்துவிட்டுச் சத்துக்கும் வளர்ச்சிக்கும் தொடர்பில்லை என்று எழுதிவிடாதீர்கள். செலோஃபேனோடு இழைகளை உரித்து, உலர்த்தி, எடை போடுங்கள். ஓரத்தை நுண்ணோக்கியில் பார்த்துக் கிளைகளை எண்ணுங்கள். நீர்த்த தட்டில் இழைகள் அடர்த்தியில்லாமல், கிளை குறைவாக, முன்னால் மட்டும் ஓடியிருக்கும். எடை பெரிதும் குறைந்திருக்கும். உணவு இல்லாத இடத்தில் பூஞ்சை தடிப்பதை விட்டுவிட்டுத் தேடுவதற்குச் செலவழிக்கிறது. ஒவ்வொரு ஊடகத்துக்கும் குறைந்தது ஐந்து தட்டாவது வையுங்கள், வெப்பநிலையை மாற்றாதீர்கள், எந்த நாளில் எந்த எண் என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதிவிடுங்கள்.